வைக்கோல் பதித்த பெட்டி: நெப்போலியன் காலத்துப் போர்க்கைதிகளின் முறையில்

நெப்போலியனோடு நடந்த போர்களில் பிடிபட்ட பிரெஞ்சு, டச்சு வீரர்களும் மாலுமிகளும் இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் 1797-இல் திறந்த நார்மன் கிராஸ் முகாம் 1814 வரை நடந்தது. போர்ட்செஸ்டர் கோட்டையிலும், 1809-இல் திறந்த டார்ட்மூர் சிறையிலும், துறைமுகங்களில் நிறுத்திவைத்த பழைய கப்பல்களிலும் இதே கதைதான். கையில் நேரம் மட்டும் ஏராளம். பொருள் என்று பார்த்தால் சாப்பாட்டு இறைச்சியில் மிஞ்சிய எலும்பு, வைக்கோல், துண்டு மரம். எலும்பில் கப்பலும் டாமினோக் காய்களும் செய்தார்கள்; வைக்கோலை விரித்து மரப்பெட்டிகளுக்குத் தோல்போலப் போர்த்தினார்கள். முகாம் வாசலில் கூடிய சந்தையில் இவை விற்றன. பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

வைக்கோல் பின்னலுக்குத் தடை இருந்தது. தொப்பிக்கான பின்னல் சரம் சுற்றுவட்டாரக் குடும்பங்களின் பிழைப்பு. வரி கட்டாத கைதிகள் அதை மலிவாகப் பின்னித் தள்ளினால் அந்தக் குடும்பங்கள் பாடு திண்டாட்டம். தடையை மீறி நல்ல தாள் (வைக்கோல் தண்டு) உள்ளே வந்தது, பின்னிய சரம் காவல் வீரர்கள் கைவழியே வெளியே போனது. பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பெட்டிகளைப் பார்ப்பவர்கள் நிறத்தைத்தான் முதலில் மெச்சுவார்கள். ஆனால் நிறம் இதில் இரண்டாம் பட்சம். தாளின் மேற்பரப்பு பட்டுத்துணி மாதிரி. இழை ஓடும் திசைக்கு ஏற்ப வெளிச்சத்தைத் திருப்பும். ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றை 90 டிகிரி திருப்பி ஒட்டினால், ஒன்று வெளுப்பாகவும் மற்றது கறுப்போடியும் தெரியும். பெட்டியைக் கையில் திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இங்கே சொல்லும் மூடி வடிவம் முழுக்க அதை நம்பியே நிற்கிறது; சாயம் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

பெட்டியின் வெளி அளவு 128 × 88 மி.மீ. இந்த விசித்திர அளவுக்குக் காரணம் உண்டு: மூலைகளில் 4 மி.மீ. விளிம்பு போக மிஞ்சுவது 120 × 80. விரித்த தாள் 8 மி.மீ. அகலம் என்றால் அது சரியாக 15-க்கும் 10-க்கும் வகுபடும்.

தாள்

கோதுமைத் தாள் போதும். ரை என்னும் தானியத்தின் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, நீளமும் பளபளப்பும் கூடுதல். இயந்திரத்தில் அறுத்துக் கட்டாக அழுத்திய வைக்கோல் ஆகாது. அதில் பத்துக்கு ஒன்பது நசுங்கியிருக்கும். கையால் அறுத்ததையோ, உலர்பூ அலங்காரத்துக்குக் கதிரோடு விற்பதையோ வாங்குங்கள். கைதிகள் படுத்து நசுக்கிய மெத்தை வைக்கோலில் இந்த வேலை நடந்திருக்காது. முறியாத புதுத் தாளைப் பொறுக்கித்தான் எடுத்திருக்க வேண்டும்.

கணுவுக்குக் கணு இடையிலுள்ள குழல் மட்டுமே பயன்படும். கணுவை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு, மேலே சுற்றியிருக்கும் சோகையை உரித்துவிடுங்கள். சோகைக்குள் மறைந்திருந்த பகுதி வெளிர் மஞ்சள், வெயில் பட்ட பகுதி பொன்னிறம். இரண்டையும் தனித்தனியே பிரித்து வையுங்கள், கலந்து ஒட்டினால் பரப்பு திட்டுத்திட்டாகத் தெரியும். குழலின் விட்டம் 3 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விரித்து ஓரம் சீவியபின் 8 மி.மீ. நிற்காது.

கணக்கு இப்படி: 155 மி.மீ. நீளத் தாள் மூடிக்கு 19, பக்கங்களுக்கு 18, விளிம்புக்கும் கீற்றுக்கும் 5, மூடியின் உட்புறத்துக்கு 7. மொத்தம் 50-க்கு ஒன்று குறைவு. முதல் முறை செய்பவர் கையில் மூன்றில் ஒன்று கிழியும், பழுதும் இருக்கும். எனவே 100 எடுத்துக்கொள்ளுங்கள்.

எலும்புத் தேய்ப்பான்

தாளை விரித்து அழுத்தத் தட்டையான, வழவழப்பான ஒரு கருவி வேண்டும். ஸ்பூன் முதுகிலும் செய்யலாம். ஆனால் இரும்பு ஈரத் தாளில் கறுப்புக் கோடு போடும், எலும்பு போடாது. ஒரு மாலையில் முடிகிற வேலைதான், செய்துகொள்வதே நல்லது.

மாட்டுக் கால் குழலெலும்பு ஒன்று எடுங்கள். விலா எலும்பு வேண்டாம். அதன் உள்ளே நுரைபோல இருக்கும், கெட்டியான ஓடு மெல்லியது. ஒட்டிய சதையைச் சுரண்டிவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்ட நீரில் சிறு தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். தளதளவென்று மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் பசைச்சத்து நீரில் இறங்கிவிடும், காய்ந்ததும் சுண்ணாம்புக்கட்டிபோல உதிரும். பின்பு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மூன்று நாள் ஊறவையுங்கள், தினமும் நீர் மாற்றுங்கள். இது கொழுப்பை இழுக்க. கொழுப்பு மிஞ்சினால் பின்னால் அது தாளில் எண்ணெய்க் கறையாக இறங்கும், அந்த இடத்தில் பசை பிடிக்காது. வெளுக்க வேண்டுமானால் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள். பிளீச்சிங் திரவம் எலும்பைத் தின்றுவிடும், தொடாதீர்கள். நிழலில் ஒரு வாரம் உலரட்டும்.

இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் 120 × 15 மி.மீ. துண்டு எடுத்து, 4 மி.மீ. கனத்துக்கு அரத்தால் இறக்குங்கள். ரம்பம் ஓடும்போது முடி தீயும் நாற்றம் அடித்தால் வேகம் அதிகம், எலும்பு சூடேறுகிறது; நிதானமாக அறுங்கள். எலும்புத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போடுங்கள், தேய்ப்பதை எப்போதும் ஈரத்தோடு செய்யுங்கள். 120, 240, 400, 600 என்று உப்புத்தாள் மாற்றி, ஒரு முனையை நாக்குப்போல வளைத்து, விளிம்பை உருட்டிவிடுங்கள். கன்னத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். அங்கே எதுவும் உறுத்தாவிட்டால் தாளிலும் கீறல் விழாது.

இதே எலும்பில் கைதிகள் செய்த இன்னொரு சின்னக் கருவி தாள் பிளக்கும் சக்கரம். நடுவில் கூர்முனை, அதைச் சுற்றி ஆரக்கால்போல விளிம்புகள். குழலை அதன்மேல் தள்ளினால் ஒரே இழுப்பில் சமமான பல கீற்றுகளாகப் பிரியும். நார்மன் கிராஸ் கைதிகள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பின்னலுக்கான கருவி. நமக்குக் குழலை ஒரே இடத்தில் பிளந்தால் போதும்.

விரித்தல்

வெதுவெதுப்பான நீரில் தாளை 30 நிமிடம் ஊறவையுங்கள். மிதக்கும், மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள். விரலால் நசுக்கினால் சத்தமின்றி நசுங்க வேண்டும். ‘கிரீச்’ என்று ஓசை வந்தால் இன்னும் ஊறவில்லை, பிளக்கும்போது நெடுக வெடிக்கும்.

கத்தி முனையைக் குழலின் ஒரு வாயில் நுழைத்து, தாளைக் கத்தியை நோக்கித் தள்ளுங்கள். கத்தியை நகர்த்தினால் கோடு வளையும். பிளந்த குழலை, பளபளப்பான முகம் கீழே இருக்கும்படி கண்ணாடிமேல் வைத்து, தேய்ப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி விரியுங்கள். மெல்லிய கோடுகள் நெடுக விழும். அது சகஜம், பசை அதை மூடிவிடும். பிறகு ஒரு பழைய பிளேடை நேராக நிமிர்த்திப் பிடித்து, உட்புறத்து வெண்சோற்றை நீளவாக்கில் சுரண்டுங்கள். ஆறேழு இழுப்பு போதும். சோறு மிஞ்சினால் பசை அதைத்தான் பிடிக்குமே தவிர தாளைப் பிடிக்காது. ஒரு மாதம் கழித்து தாள் தோலாக உரிந்து வரும், சோறு மட்டும் மரத்தில் நிற்கும்.

இப்போது பொறுமை வேண்டும். விரித்த தாள்களை இரண்டு வெள்ளைக் காகிதங்களுக்கு இடையே வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டி, ஓர் இரவு கனமான பலகைக்கடியில் விடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஈரத்தாள் அகலத்தில் உப்பியிருக்கும். அப்படியே ஓரம் சேர்த்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும்; இரண்டு நாளில் சுருங்கி, ஒவ்வோர் இணைப்பிலும் மயிரிழை இடைவெளி விழும்.

பழுப்பு நிறத் தாள் சிலவும் வேண்டும். உலர்ந்த தாளைக் காகிதத்துக்கடியில் வைத்து, அதிகச் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். ஐந்து நொடிக்கு ஒரு முறை தூக்கிப் பாருங்கள். நினைக்கும் நிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள், எடுத்த பின்னும் கொஞ்சம் கறுக்கும். கருகியது கண்ணாடிபோல நொறுங்கும், அதை வெட்டவே முடியாது.

பலகையாக்குதல்

தாளை ஒவ்வொன்றாக மரத்தில் ஒட்டுவதைவிட, முதலில் காகிதத்தில் ஒட்டிப் பலகையாக்கி, பிறகு வடிவம் வெட்டுவது நல்லது. அச்சில்லாத மெல்லிய வெள்ளைக் காகிதம், செய்தித்தாள் கனத்துக்கு மேற்படாதது. அச்சிட்டது என்றால் எழுத்து நிழலாகத் தெரியும்.

இரும்பு அளவுகோல் வைத்து ஒவ்வொரு தாளின் இரண்டு ஓரத்தையும் நேராகச் சீவி 8 மி.மீ. ஆக்குங்கள். பிவிஏ மரப்பசையைக் காகிதத்தில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். தண்ணீர் கலக்கக் கூடாது; கலந்தால் தாள் மீண்டும் ஊறி உப்பும். அந்தக் காலத்தில் எலும்பும் தோலும் காய்ச்சிய பசை. இன்றும் அதை விரும்புவோர் நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், கொதித்தால் பிடிமானம் போய்விடும். பசை லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும், பளபளப்பு முகம் மேலே இருக்கும்படி தாளை வைத்து, ஓரத்தோடு ஓரம் நெருக்கித் தேய்ப்பானால் அழுத்துங்கள். முகம் மாறிவிட்டால் மெழுகுப் பக்கம் பசையில் இருக்கும், விரல் நகம் பட்டாலே உரியும். இதனால்தான் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்தே வைக்க வேண்டும்.

மூடிக்கு 150 × 150 மி.மீ. பலகை ஒன்று, 19 தாள். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் தட்டையான மரப்பலகை, அதன்மேல் கனம். 24 மணி நேரம் தொடாதீர்கள். நாலு மணி நேரத்தில் எடுத்தால் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும், அப்புறம் தட்டையாகவே ஆகாது.

பெட்டி

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழப்பெட்டிச் சட்டங்களை 6 மி.மீ. கனத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள். நீளப் பக்கம் இரண்டு 128 × 44, குறுகிய பக்கம் இரண்டு 76 × 44, அடிப்பலகை 128 × 88, மூடி 128 × 88. மூடிக்கு அடியில் ஒட்டும் உள்தட்டு 114 × 74; உள்ளளவு 116 × 76 என்பதால் சுற்றிலும் 1 மி.மீ. விடுகிறோம். குறுகிய பக்கங்களை நீளப் பக்கங்களுக்கு இடையே முட்டவைத்து ஒட்டி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். ஆணி வேண்டாம். ஆணித்தலை தாளுக்கடியில் புடைத்துத் தெரியும், துருவும் ஊறி வரும். எல்லாப் பரப்பையும் 180 உப்புத்தாளால் சமமாக்குங்கள். தாள் காகிதம்போல மெல்லியது, மரத்திலுள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

மூடி: 24 சதுரம்

பலகையின் மூலைவிட்டத்துக்கு இணையாக, அதாவது இழைக்கு 45 டிகிரியில், 20 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். நடுப்பட்டையில் 9 சதுரம், அதன் இரு பக்கத்துப் பட்டைகளில் 7, 7, அதற்கடுத்த ஒன்றில் 5 என்று 28 வரும். வேண்டியது 24, நான்கு கைவசம். புது பிளேடு போடுங்கள். முதல் ஓட்டம் அழுத்தமே இல்லாமல், இரண்டாவது ஓட்டத்தில் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் இழுத்தால் இழைக்குக் குறுக்கே பல்பல்லாகப் பிய்ந்துவிடும். பின்புறத்தில் வெட்டிய வரிசையில் 1, 2, 3 என்று எண் போட்டுவையுங்கள்; பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சேர்ந்தால் நிறம் ஒத்துப்போகும்.

எல்லாச் சதுரமும் ஒரே மாதிரி. இழை மூலைவிட்டமாக ஓடும். ஒன்றை 90 டிகிரி திருப்பினால் எதிர்த்திசை கிடைக்கும். வேறு வெட்டு எதுவும் கிடையாது.

மூடிமேல் சுற்றிலும் 4 மி.மீ. விட்டு, நடுவில் 120 × 80 கட்டம் பென்சிலால் போட்டு 20 மி.மீ. சதுரங்களாகப் பிரியுங்கள், ஆறுக்கு நான்கு. இடது மேல் மூலைச் சதுரத்தில் இழை கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஓட வேண்டும். அதற்குப் பக்கத்தில் எதிர்த்திசை, அதற்கடுத்து மறுபடி முதல் திசை; கீழ் வரிசையிலும் மேலே உள்ளதற்கு எதிர்த்திசை. நான்கு சதுரம் கூடும் முனைகளில் ஒன்று விட்டு ஒன்றைச் சுற்றி வைரம் விரியும். முழு வைரம் எட்டு, ஓரங்களில் பாதிகள். ஒட்டும் முன் பசையில்லாமல் முழுவதையும் அடுக்கி, அறையின் வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பாருங்கள். ஒரே ஒரு சதுரம் தவறாகத் திரும்பியிருந்தாலும் கறுப்புப் பல் மாதிரித் துருத்திக்கொண்டு தெரியும்.

ஒட்டுவதை நடுப்புள்ளியில் தொடங்கி வெளியே போங்கள். மூலையில் தொடங்கினால் ஒவ்வொரு சதுரத்திலும் ஏறும் கால் மி.மீ. பிழை கடைசி வரிசையில் ஒன்றரையாக வந்து நிற்கும். நடுவில் தொடங்கினால் பிழை இரண்டு பக்கமும் பிரிந்து விளிம்புக்கடியில் மறையும். முகத்தில் பட்ட பசையை அப்போதே ஈரத்துணியால் துடையுங்கள். மெழுகு இருப்பதால் எளிதில் வரும், காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் பளபளப்பும் சேர்ந்து போகும்.

விளிம்பும் பக்கங்களும்

தாள் இழைக்குக் குறுக்கே மடங்காது, உடைந்துவிடும். இழையோடு நெடுக மடக்கினால் காகிதம்போல மடங்கும். எல்லா மூலையும் இதைக்கொண்டே மூடப்படுகிறது. காகிதத்தில் ஒட்டாத 8 மி.மீ. தாளை லேசாக நனைத்து, நடுவில் தேய்ப்பான் ஓரத்தால் கோடு போட்டு மடித்து, மடித்த நிலையிலேயே உலரவிடுங்கள். மூடியின் விளிம்பில் மேலே 4, பக்கவாட்டில் 4 என்று உட்காரும். மூடியின் கனம் 6 மி.மீ. என்பதால் கீழே 2 மி.மீ. மரம் தெரியும். அங்கே பழுப்புத் தாளில் 2 மி.மீ. கீற்று ஒன்றை ஓட்டினால் கோடு போட்டதுபோல அமையும். நான்கு மூலைகளிலும் இரண்டு விளிம்பும் சந்திக்கும் இடத்தை 45 டிகிரியில் சேர்த்து வெட்டுங்கள்.

பெட்டியின் செங்குத்து மூலைகள் நான்கிலும் இதேபோல மடித்த 50 மி.மீ. தாள் (பக்கம் 44, அடிப்பலகை 6). இடையில் மிஞ்சும் 120 மி.மீ.யில் 15 தாள், 80 மி.மீ.யில் 10 தாள், எல்லாம் நின்ற வாக்கில். இரண்டு பொன்னிறம், ஒரு பழுப்பு என்று மாற்றி வைக்கலாம். தாள் 8-க்குப் பதில் 7.8 ஆகச் சீவப்பட்டிருந்தால் கடைசியில் 3 மி.மீ. இடைவெளி திறக்கும். அதற்குக் கீற்று செருகாதீர்கள், அசிங்கமாக இருக்கும். ஒட்டும் முன்பே அடுக்கிப் பார்த்து, கடைசி மூன்று தாளை மட்டும் ஒவ்வொரு மி.மீ. அகலமாகச் சீவிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. மேல்விளிம்பில் மீறி நிற்கும் நுனிகளைப் பசை காய்ந்தபின், பிளேடை உள்ளிருந்து அல்லாமல் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி இழுத்து வெட்டுங்கள். மறுதிசையில் இழுத்தால் தாள் மரத்திலிருந்து கிளம்பும்.

மூடியின் உட்புறம்

சாயம் போட ஆசையிருந்தால் அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கைதிப் பெட்டிகளைத் திறந்தால் இது விளங்கும்: வெளியே எல்லாம் மங்கி ஒரே தேன்நிறமாகியிருக்கும், மூடிக்குள்ளே சிவப்பும் பச்சையும் நேற்றுப் போட்டதுபோல நிற்கும். வெளிச்சம் படாத இடம் அது. துணிச்சாயத்தை வெந்நீரில் கரைத்து, பிளந்து விரித்த தாளைச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். பிளக்காத குழலில் மேலே மெழுகு இருப்பதால் சாயம் உள்வாயில் நுழைந்துதான் ஏற வேண்டும், திட்டுத்திட்டாக வரும். அலசி, அழுத்தி உலர்த்தி, முன்புபோலவே பலகையாக்கி, 114 × 74 தட்டில் பூவோ கதிரோ பதியுங்கள். பூவிதழ் வெட்டும்போது இழை நுனியை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நுனி முறிந்துவிடும்.

உள்தட்டின் ஓரங்களில் தாள் ஒட்ட வேண்டாம். தாளும் காகிதமும் பசையும் சேர்ந்து அரை மி.மீ. வரை ஏறும், மழைக்காலத்து ஈரத்தில் மரமும் உப்பினால் மூடி இறுகி, திறக்க இழுக்கும்போது விளிம்புத் தாள் கையோடு வந்துவிடும்.

வார்னிஷ் அடிக்காதீர்கள். கனமான படலம் பிளாஸ்டிக் பளபளப்பைத் தரும், இழைத்திசை காட்டும் ஒளி மாற்றம் பாதி அடங்கிவிடும். தேன்மெழுகு துளி தடவிய பருத்தித் துணியால் இழையோடு ஒரு முறை தேய்த்தால் போதும். குறுக்கே தேய்த்தால் இணைப்புகளில் மெழுகு போய் வெள்ளைக் கோடாக உட்காரும். ஏறிவிட்டால் மென்மையான பல்துலக்கியால், இழையோடு மட்டும், தட்டி எடுங்கள்.